இருபது நிமிடத்தில் கர்ணன் சாக மாட்டான்

கலை விழா ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம்.

என்னை உங்களுக்கு அடையாளம் தெரிய வாய்ப்பில்லை. போன விழாவின் இரண்டாம் நாள் மதியம், ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இவங்க ஒக்கார ஒரு பாயாவது குடுங்க சார்" என்று உங்கள் ஆள் ஒருவரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேனே, அவன்தான் நான். அன்று ஆடிய கூத்து ஜமாவை, அதாவது கூத்துக் குழுவை, உங்களிடம் கொண்டுவந்து சேர்த்ததும் நானே. அதனால் கீழே எழுதப்போகும் குறைகளில் பாதிக்கு நானும் பொறுப்பு. கூப்பிடுகிறார்களே என்ற சந்தோஷத்தில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று கேட்கத் தோன்றாமல் தலையாட்டிவிட்டேன்.

சிவாஜி நகரில் ஒரு அச்சகத்தில் இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழும் கன்னடமும் டைப் அடிக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி அட்டை, கோயில் நோட்டீஸ். வீடு ஸ்ரீராமபுரம். தாத்தா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். ஆயா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். ஊரையும் உறவையும் விட்டு வந்த ஆயா, கூத்துப் பைத்தியத்தை மட்டும் விடாமல் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அது எனக்கும் ஒட்டிக்கொண்டது.

உங்கள் ஆள் வேறு ஏதோ கார்டு வேலையாக எங்கள் கடைக்கு வந்தவர், சுவரில் ஒட்டியிருந்த பாரதக் கூத்து நோட்டீஸைப் பார்த்தார். "இது இங்கயா நடக்குது?" என்றார். "நம்ம ஊரு ஜமாதான் சார்" என்றேன். பல மொழி, பல சமூகம், எழுத்து, பாட்டு, ஆட்டம் எல்லாம் ஒரே இடத்தில் சேரும் விழா எடுக்கிறோம், இவர்கள் வருவார்களா என்று கேட்டார். அன்று ராத்திரியே ஜமாவை நடத்தும் வாத்தியாருக்கு போன் போட்டேன். "பெரிய மனுஷங்க நடத்தற விழா, வாத்தியாரே. கலெக்டர் கணக்கா ஆளுங்க வருவாங்க" என்றுகூடச் சொல்லி வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

முதலில் உங்கள் கையேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொழில் புத்தி, கண் அங்கேதான் போகும்.

வழவழப்பான தாள், நல்ல அச்சு. அதில் 'தெருக்கூத்து' என்று தமிழில் போட்டிருந்தீர்கள். போட்டதற்கு நன்றி. ஆனால் கொம்பு 'த'வுக்கு முன்னால் வராமல், பின்னால் ஒரு புள்ளி வட்டத்தைக் கட்டிக்கொண்டு அநாதையாக நின்றது. கன்னடத் தலைப்பிலும் ஒத்தெழுத்துகள் கீழே இறங்காமல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இது பெரிய வியாதி ஒன்றுமில்லை. டிசைன் செய்யும் மென்பொருளில் நம் மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். ஒரு இடத்தில் ஒரு தடவை மாற்றினால் போதும், சரியாகிவிடும். எங்கள் கடையில் வேலைக்குச் சேரும் பையன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வான். மூன்று மொழி படிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தைப் பார்த்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். யாரும் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு அதில் தெரிந்தது.

எழுத்துக்குக் கீழே ஒரு வரி: தமிழ்நாட்டிலிருந்து வரும் நாட்டுப்புறக் குழு. எங்கிருந்து? ஆர்மோனியக்காரர் லிங்கராஜபுரத்தில் ஒரு அபார்ட்மென்டுக்கு வாட்ச்மேன். கர்ணன் வேஷம் கட்டுகிறவர் கே.ஆர். மார்க்கெட்டில் பூ மூட்டை இறக்குகிறார். கர்ணன் மனைவி பொன்னுருவியாக வேஷம் கட்டுகிறவர் எலக்ட்ரீஷியன். உங்கள் விழாவுக்கு லைட் போட்ட கான்ட்ராக்டரிடமே ஒரு காலத்தில் வேலை பார்த்திருக்கிறார். கூத்தில் சிரிக்க வைக்கும் கட்டியக்காரன் ஆட்டோ ஓட்டுகிறார், நீங்களேகூட அவர் வண்டியில் ஏறியிருக்கலாம். வாத்தியார் ஒருவர் மட்டும்தான் செய்யாறுப் பக்கத்துக்கும் இங்குமாகப் பஸ்ஸில் அலைகிறவர். டொம்லூர் சொக்கநாதர் கோயில் சுவரில் ஹொய்சளர் காலத்துத் தமிழ் எழுத்து இன்னும் இருக்கிறது. 1809-ல் கன்டோன்மென்ட் வந்தபோது பட்டாளத்தின் பின்னாலேயே வந்த குடும்பங்கள் உண்டு. அதற்குப் பிறகு மில்லுக்கு வந்தோம், கட்டட வேலைக்கு வந்தோம். இத்தனைக்கும் பிறகு நீங்கள் எங்களை ஓசூர் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து விருந்தாளியாக அழைக்கிறீர்கள். ஜமாவுக்குப் பயணப்படி போட வேண்டுமே என்று யாரோ கேட்டபோதுதான், எல்லோரும் உள்ளூர் என்பதே உங்கள் அலுவலகத்துக்குத் தெரிந்தது.

கையேட்டில் எழுத்தாளர்களுக்குப் படமும் பெயரும் ஊரும் இருந்தன. பாடகர்களுக்கும் இருந்தன. 'சமூகங்கள்' என்று ஒரு பக்கம் வைத்திருந்தீர்கள். அதில் குழுவின் பெயர்கூட இல்லை. கூத்து அந்தப் பக்கத்தில்தான் வந்தது. வாத்தியாரிடம் கட்டுக்கட்டாக நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கூத்துக் கதை அச்சான பெரிய எழுத்துப் புத்தகத்தில் உள்ளதை வைத்துக்கொண்டு, அவர் தானாக விருத்தமும் தருவுமாகப் பாட்டுக் கட்டிச் சேர்த்தவை. கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சக் கூத்துக்கு மட்டும் நூறு பக்கத்துக்கு மேல் போகும். அவரை எழுத்தாளர் பக்கத்தில் போடுவதற்கு இன்னும் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, மதியத்துக்கு வருகிறேன்.

ஆட்டம் நான்கு மணிக்கு என்றீர்கள். வேஷம் கட்ட மூன்று மணி நேரம் பிடிக்கும் என்பதால் பன்னிரண்டுக்கே வந்துவிட்டார்கள். ஒப்பனை அறை பேச்சாளர்களுக்கு என்று சொல்லிவிட்டார்கள். ஜெனரேட்டர் வண்டிக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இடையில் ஒரு சந்து இருந்தது. அங்கே பெட்டியை இறக்கினார்கள். கையகலக் கண்ணாடியைத் தொடை மேல் சாய்த்துவைத்து, முகத்தில் எண்ணெய் தடவி, அரிதாரம் குழைத்துப் பூச ஆரம்பித்தார்கள். டீசல் புகை ஒரு பக்கம், மோமோ வேகும் ஆவி ஒரு பக்கம். கர்ணன் கட்டை வேஷம். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் ஜிகினாத் தாளும் ஒட்டிய கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் சாய்ந்து உட்கார முடியாது. கட்டி முடித்த மனுஷன் மூன்றரை மணி வெயிலில், மரத்தடிகூட இல்லாத இடத்தில், ராஜா மாதிரியே நின்றுகொண்டிருந்தார். பாய் கேட்டது அப்போதுதான்.

அந்த நேரத்தில் உங்கள் தம்பி ஒருவர் கையில் அட்டையோடு வந்தார். சேலை கட்டிப் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியனிடம், "நீங்க எந்தப் பிரிவுல வருவீங்க?" என்று கேட்டார். விழாவுக்கு வந்தவர்கள் எந்தெந்தச் சமூகம் என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார். "பொன்னுருவி பிரிவு" என்றார் இவர். தம்பி அப்படியே எழுதிக்கொண்டு போனார். உங்கள் அறிக்கையில் அப்படி ஒரு பிரிவு இருந்தால், விவரம் இதுதான்.

நான்கு மணி ஆட்டம் நாலே முக்காலுக்குத் தொடங்கியது. முந்தைய அமர்வு இழுத்துவிட்டது. பேச்சாளர்களைப் பாதியில் நிறுத்த முடியாது என்றார்கள். எங்களுக்கு ஒதுக்கியது நாற்பது நிமிடம் என்று நினைத்திருந்தோம். மேடை ஏறும்போதுதான் இருபது என்றார்கள்.

கூத்து பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். முதலில் களரி கட்டுவார்கள். மத்தளமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து முழங்கி, கூத்து இருக்கிறது வாருங்கள் என்று நாலு தெருவுக்குச் சொல்வது அது. பிறகு கட்டியக்காரன் வந்து சிரிக்க வைப்பான். பிறகு இரண்டு பேர் ஒரு சீலையைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் கர்ணன் நிற்கிறான், ஆனால் வரமாட்டான். திரை விருத்தம் பாடுவான். திரைக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். திரைக்கு மேலே கிரீடத்தின் கொண்டை மட்டும் மின்னும். திரை ஒரு பக்கம் நகரும், அவனும் கூடவே நகர்வான். 'வர்றான், வர்றான்' என்று நமக்குள் ஏறிக்கொண்டே போகும். திரை விலகும்போது, தினம் மார்க்கெட்டில் பார்க்கிற ஆள்தான் என்று தெரிந்தும், முதுகு நிமிர்ந்துவிடும். நல்ல ஜமாவாக இருந்தால் இந்த வருகைக்கே அரை மணி நேரம் ஆகும். உங்கள் இருபது நிமிடத்தில் கர்ணன் பிறக்கவே நேரம் போதாது.

வாத்தியார் அனுபவஸ்தர். களரியைச் சுருக்கினார், விருத்தத்தில் இரண்டு அடியை விழுங்கினார். திரை விலகிக் கர்ணன் முதல் சுற்று சுற்றி முடிக்கவில்லை, கீழே ஒரு பெண் 'ஐந்து நிமிடம்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தார். கட்டியக்காரன் அதைப் பார்த்துவிட்டான். பார்த்தால் சும்மா இருப்பானா? கர்ணன் முன்னால் போய்க் கை கட்டி நின்று, "மகாராஜா, ஸ்வல்ப பேகா சாயிரி" என்றான். கன்னடம் தெரிந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். தமிழிலும் சொன்னான்: "கொஞ்சம் சீக்கிரமா செத்துடுங்க மகாராஜா, அடுத்த கூட்டத்துக்கு டைம் ஆயிடுச்சாம்."

கைத்தட்டல் பலமாக இருந்தது. உங்களில் ஒருவர் பிறகு என்னிடம், "அந்த நகைச்சுவைப் பகுதி ரொம்பப் பிரமாதம்" என்றார். அது பகுதி இல்லை ஐயா, புகார். ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைச் சொல்வதற்காகத்தான் கூத்தில் கட்டியக்காரன் என்று ஒருவனையே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் மைக்கை அணைத்துவிட்டார்கள். முகவீணைக்காரர் மைக் போனதைக் கவனிக்கவில்லை. அவர் மைக் இல்லாமல் வாசித்துப் பழகியவர். வாத்தியார்தான் கையமர்த்தினார். கர்ணன் அம்பு படாமல், மடியில் யாரும் தாங்காமல், பொன்னுருவி மேடைக்கே வராமல், மங்களம் பாடி முடித்தார்கள். மூன்று மணி நேரம் வேஷம் கட்டிய பொன்னுருவி சந்திலேயே வேஷத்தைக் கலைத்தார்.

அடுத்து அந்த மேடையில் நடந்தது, பிறப்பும் இழிவும் பற்றிய ஒரு கலந்துரையாடல். நானும் உட்கார்ந்து கேட்டேன். கெட்டிக்காரர்கள், நன்றாகவே பேசினார்கள். ஆனால் எனக்கு உள்ளே எரிந்துகொண்டே இருந்தது. கர்ண மோட்சத்தின் உயிரே அதுதானே? 'குலம் தெரியாதவன், தேரோட்டி மகன்' என்று கட்டிய புருஷனையே தள்ளி வைத்திருந்தவள் பொன்னுருவி. பதினேழாம் நாள் போருக்குப் போகுமுன் விடைபெற வருகிறான் கர்ணன். அவன் யார் என்று அவளுக்குத் தெரியவரும்போது எல்லாம் கை மீறிப் போயிருக்கும். எங்கள் தெருவில் அந்தக் கட்டம் வரும்போது ராத்திரி இரண்டு மணியாவது ஆகியிருக்கும். எந்தச் சாதியில் பிறந்தோம் என்பதற்காகவே வாழ்நாள் முழுக்க மிதி வாங்கியவர்கள் பாயில் உட்கார்ந்து அதைப் பார்ப்பார்கள். வடாற்காடு பக்கம் சாவு வீட்டில் கருமாதி ராத்திரியில் இந்தக் கூத்தை வைப்பதும் சும்மா இல்லை. அந்த உரையாடலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லித்தான் இதை நிறுத்தினீர்கள்.

ஆயா எங்களை அழைத்துக்கொண்டு போவது ஒன்பது மணிக்கு மேல். கோயிலுக்கு முன்னால் தெருவை மறித்து இடம் போட்டிருப்பார்கள். கோணிப்பை, போர்வை, ஒரு சொம்புத் தண்ணீர், சுருக்குப் பையில் வெற்றிலை. கட்டியக்காரன் வரும்வரை நாங்கள் முழித்திருப்போம். அவன் போனதும் வரிசையாகச் சாய்ந்துவிடுவோம். ஆயாவும் சில நாள் கண் அயர்வாள், ஆனால் பக்கத்து வீட்டு அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான்: "பொன்னுருவி வந்தா எழுப்புடி." எழுப்பியதும் எங்களையும் உலுக்கி எழுப்புவாள். தூக்கக் கலக்கத்தில், பெட்ரோமாக்ஸ் போய் டியூப் லைட் வந்த வெளிச்சத்தில், ஒரு ஆம்பிளை பொம்பிளையாக நின்று அழுவதைப் பார்த்து எங்கள் தெருவே மூக்கைச் சிந்தும். நடுவில் ஆட்டத்தை நிறுத்திக் கட்டியக்காரன், "பால்காரர் குடும்பத்தார் கர்ண மகாராஜாவுக்கு அம்பது ரூபா அன்பளிப்பு" என்று கூவுவான். யாருக்கும் அது இடைஞ்சலாகத் தெரியாது. விடியும்போது கர்ணன் சாவான். டீக்கடை திறக்கும். தாத்தா அந்த வழியாகவே மில்லுக்குப் போவார்.

1991 டிசம்பரில் காவிரிக் கலவரம். அடுத்து வந்த பங்குனியில் எங்கள் தெருவில் கூத்து இல்லை. அதற்கடுத்த வருடமும் பயந்து பயந்து, பத்து மணியோடு நிறுத்திவிட்டார்கள். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை சாக்குப் போட்டு மூடிக் கிடந்த காலம் அது. 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான் திறந்தார்கள். அந்த வருடம் எங்கள் கட்டியக்காரன் மேடையில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "பாரதப் போரே பதினெட்டு நாள்ல முடிஞ்சுபோச்சு. நம்ம வள்ளுவருக்கு மட்டும் பதினெட்டு வருஷம் ஆச்சுடா சாமி." அப்படியெல்லாம் ஓய்ந்துபோய் மறுபடி தலையெடுத்த கூத்து இது. அதனால்தான், இருபது நிமிடம் என்றதும் வாத்தியார் கோபப்படாமல், "இதுவாவது குடுத்தாங்களே" என்று சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த விழாவில் எங்களுக்கு ஒரு ராத்திரி கொடுங்கள். மேடையில் இன்னொரு இருபது நிமிடம் வேண்டாம், நாற்பதும் வேண்டாம். ஒன்பதரைக்குத் தொடங்கி விடியும் வரை ஒரு முழு ராத்திரி.

இந்த ஊருக்கு ராத்திரி முழுக்க விழித்திருக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். இங்கே உள்ளதிலேயே பழைய விழாக்களில் ஒன்று கரகம். சித்திரைப் பௌர்ணமி அன்று திகளர்பேட்டை தர்மராயசாமி கோயிலிலிருந்து நள்ளிரவுக்கு மேல் மல்லிகைக் கரகம் புறப்படும். உருவிய கத்தியோடு வீரகுமாரர்கள் சுற்றி வருவார்கள். காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள் போய் நின்றுவிட்டுத்தான் மேலே நகரும். பேட்டை முழுக்க விழித்திருக்கும். அந்தக் கரகம் யார்? திரௌபதி. எங்கள் கூத்து யாருக்காக ஆடுவது? அவளுக்காகத்தான். ஒரே அம்மன் அங்கே கரகமாகவும் இங்கே கூத்தாகவும் வருகிறாள். அந்தக் கரகத்தைத் தூக்கும் திகளர்களின் வீட்டுப் பேச்சில் இன்னமும் தமிழ் கலந்திருக்கிறது. இதைவிடப் பல சமூகம் சேர்ந்த விழா வேண்டும் என்றால் எங்கே போய்த் தேடுவீர்கள் என்று புரியவில்லை.

ரவீந்திர கலாக்ஷேத்ராவில், கன்னடத்தவரின் கூத்தான யட்சகானம் விடிய விடிய நடந்திருக்கிறது; மங்களூர், உடுப்பிக்காரர்கள் குடும்பத்தோடு வந்து பார்ப்பார்கள். 2013-ல் ஞானபாரதிப் பக்கம் கலாகிராமத்தில் குவெம்புவின் 'மலெகளல்லி மதுமகளு' நாவலை ஒன்பது மணி நேர நாடகமாக ஆடினார்கள். ஜனங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து, ஒரு மேடை முடிந்தால் அடுத்த மேடைக்கு எழுந்து போய் உட்கார்ந்து, காலையில் வீட்டுக்குப் போனார்கள். டிக்கெட் வாங்கித்தான் போனார்கள்.

போலீஸ் அனுமதி கிடைக்காது என்பீர்கள். அதையும் விசாரித்து வைத்திருக்கிறேன், கோயில் நோட்டீஸ் அடிக்கிறவனுக்கு இது அத்துப்படி. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கியோ வாத்தியமோ கூடாது. விழாக் காலங்களுக்காக மாநில அரசு வருடத்தில் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம். ஆனால் அந்த விதியே, மூடிய அரங்குகளுக்குள் உள்ளே இருப்பவர்களுக்காக வைக்கும் ஒலிக்கு விலக்குத் தருகிறது. உங்களிடம் அரங்கு இருக்கிறது. புல்தரையில் வைத்தால் பத்துக்கு மேல் வாத்தியமே கூடாது, அதனால் அரங்குக்குள்ளேயே வைப்போம். மைக்கை நீங்கள் அணைத்தபிறகும் கடைசி வரிசை வரை கேட்டதை நீங்களே பார்த்தீர்கள். பத்து மணிக்கு மேல் மைக்கே இல்லாமல் ஆடட்டும். என்ன, மத்தளச் சத்தம் அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்; அதற்கு அக்கம்பக்கத்தாரிடம் போய் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் மஞ்சள் துண்டறிக்கை கொடுப்போம். அதை வேண்டுமானால் நான் காசில்லாமல் அடித்துத் தருகிறேன்.

காலம் மாறிவிட்டது, யாரும் முழு ராத்திரி உட்கார மாட்டார்கள் என்று ஒரு வாதம் இருக்கிறது. அதில் உண்மையும் இருக்கிறது, மறைப்பானேன். யட்சகானத்தில் பல மேளங்கள், அதாவது குழுக்கள், இப்போது 'காலமிதி' என்று நாலைந்து மணி நேரத்தில் முடிக்கின்றன. எங்கள் ஜமாவும் சில ஊர்களில் ஒரு மணிக்கே மங்களம் பாடிவிடுகிறது. ஆனால் எதைச் சுருக்குவது, எதைத் தொடக்கூடாது என்று அங்கே பாட்டுப் பாடி ஆட்டத்தை நடத்தும் பாகவதரும் இங்கே வாத்தியாரும் முடிவு செய்கிறார்கள். கர்ணனின் வருகையைச் சுருக்கினாலும் பொன்னுருவியைத் தொட மாட்டார் எங்கள் வாத்தியார். அட்டை பிடித்த பெண்ணுக்கு அது தெரிய நியாயமில்லை. அவர் சொன்னதைச் செய்தார். நேரம் ஒதுக்கியவர்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஒருவேளை முழு ராத்திரியையும் எங்களுக்கே கொடுக்க மனம் வரவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது, இது என் சொந்த ஆசையும்கூட. கர்நாடகத்தின் மேட்டுப் பக்கத்தில் மூடலபாய என்று ஒரு ஆட்டம் உண்டு. கிழக்குப் பாணி யட்சகானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கிரீடம், புஜகீர்த்தி. அதிலும் விடிய விடிய. எங்களுக்குக் கட்டியக்காரன் போல அவர்களுக்கு சாரதி: வருகிறவனை வழிமறித்து, நீ யார், எந்த ஊர், என்ன சங்கதி என்று நோண்டி நோண்டிக் கேட்கிறவன். பாதி ராத்திரி அவர்கள், பாதி ராத்திரி நாங்கள். இடையில் சாரதியையும் கட்டியக்காரனையும் ஒரு பத்து நிமிடம் மேடையில் தனியாக விட்டுவிடுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம், ஒத்திகை வேண்டாம். ஒருவர் கன்னடம், ஒருவர் தமிழ், இரண்டு பேருக்கும் இரண்டும் தெரியும். காவிரியில் தொடங்கி உங்கள் விழாக் குழுவில் வந்து முடிப்பார்கள். முதல் வரிசையில் உட்காருகிறவர்கள் கொஞ்சம் தயாராக வர வேண்டும்.

கதைச் சுருக்கத்தைத் தயவுசெய்து கன்னடத்தில் போடுங்கள், தமிழிலும் போடுங்கள், பிறகு இடமிருந்தால் ஆங்கிலத்தில். பாரதக் கதை இந்த ஊரில் யாருக்கும் புதிதில்லை. பொன்னுருவி யார் என்று மட்டும் சொன்னால் போதும்.

பணத்தைப் பற்றி எழுத எனக்குக் கூச்சம், ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். கூத்துக்கு ஒரு முறை இருக்கிறது. தட்டில் வெற்றிலை பாக்கு, அதன் மேல் முன்பணம் வைத்து ஆட்டத்தைப் பேசுவார்கள். விடிந்ததும் மீதியை எண்ணிக் கையில் கொடுப்பார்கள். உங்கள் விழாவில் வெண்டர் படிவம், பான் கார்டு, ரத்து செய்த காசோலை, ஜி.எஸ்.டி. இல்லை என்று ஒரு உறுதிமொழி எல்லாம் கேட்டு வாங்கினீர்கள். கொடுத்தோம். பணம் மூன்றாவது மாதம் வந்தது. பூ மூட்டை இறக்குகிறவருக்கு அன்று ஒரு நாள் கூலி போனது. அதை அன்றே யாரும் எண்ணிக் கொடுக்கவில்லை. உங்கள் கணக்குப் பிரிவின் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. முன்பணத்தையாவது கையில் கொடுக்க ஒரு வழி செய்யுங்கள்.

இவ்வளவு எழுதிவிட்டு நானே இந்த மடலில் அவர்கள் ஒருவர் பெயரையும் போடவில்லை, கவனித்திருப்பீர்கள். கையேட்டில் பெயர் இல்லை என்று உங்களைக் குறை சொல்கிறவன் இப்படிச் செய்யலாமா என்றால், போட வேண்டாம் என்று அவர்கள்தான் கேட்டுக்கொண்டார்கள். "எழுதறது நீ எழுதுப்பா. எங்க பேரப் போட்டு, மறுபடியும் கூப்புடாம வுட்டுடப் போறாங்க" என்றார் ஆர்மோனியக்காரர். இருபது நிமிடம் கொடுத்து மைக்கை அணைத்த இடத்துக்கு மறுபடி வர அவருக்கு ஆசை இருக்கிறது. பதினான்கு பேரின் பெயரையும், யார் யார் என்ன வேஷம், என்ன வாத்தியம் என்பதையும் ஒரு தாளில் தமிழிலும் கன்னடத்திலும் டைப் செய்து வைத்திருக்கிறேன். கொம்பு, ஒத்து எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். கேட்டால் அனுப்புகிறேன், அப்படியே கையேட்டில் ஒட்டிக்கொள்ளலாம்.

மாசி பிறந்துவிட்டால் அவர்கள் கையில் சிக்க மாட்டார்கள். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் ஊர் ஊராக பாரதக் கூத்து இருக்கும். அதனால் பேசுவதாக இருந்தால் தை மாதத்துக்குள் தாம்பூலம் வைத்துவிடுங்கள். அந்த ஒரு ராத்திரிக்கு வேறு பெரிதாக ஒன்றும் வேண்டாம்: வேஷம் கட்ட ஒரு அறை, சாய்ந்து உட்கார முடியாதவர்களுக்கு முதுகு இல்லாத நாலு ஸ்டூல், பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலிக்குப் பதில் பாய், இரண்டு மணிக்கு ஒரு சுற்று டீ.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு அச்சகத் தொழிலாளி
பெங்களூரு